வாசிப்புச் சோதனையும் வீட்டுப்பாடமும்: சின்ன வகுப்புப் பெற்றோருக்கு ஓர் எளிய விளக்கம்

கல்வி அறிக்கை ஒன்று வெளிவந்த மறுநாள் நம் ஊரில் ஒரே பேச்சுதான். "மூணாங்கிளாஸ் படிக்கிற புள்ளைக்குத் தமிழே வாசிக்கத் தெரியலையாம்." பள்ளிவிடும் நேரத்தில் வாசலில் நின்றால் இன்னொன்றும் காதில் விழும். "இந்த ஸ்கூல்ல ஹோம்வொர்க்கே குடுக்கிறதில்ல, அப்புறம் எப்படிப் படிப்பு வரும்?" இரண்டையும் சேர்த்துக்கொண்டு பலர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: குழந்தைக்கு வாசிப்பு வரவில்லை, காரணம் வீட்டுப்பாடம் போதவில்லை, ஆகவே இன்னும் இரண்டு பக்கம் எழுதச் சொன்னால் சரியாகிவிடும்.

ஆறு வயது, ஏழு வயதுக் குழந்தைகளின் மாலை நேரத்தை இந்த முடிவு விழுங்கிக்கொண்டிருக்கிறது. வாசிப்பை எப்படி அளக்கிறார்கள், அந்த அளவு எதைச் சொல்கிறது, வீட்டில் செய்யும் வேலையில் எது வாசிப்பை வளர்க்கிறது என்று தெரிந்துகொண்டால் அந்த மாலைகளைக் குழந்தைகளுக்குத் திருப்பிக் கொடுக்கலாம். ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

எடை போடுவது வேறு, சோறு ஊட்டுவது வேறு

அங்கன்வாடியில் குழந்தையை மாதாமாதம் எடை போடுகிறார்கள். வளர்ச்சி அட்டையில் ஒரு புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடிட்டு இணைக்கிறார்கள். கோடு மேலே ஏறினால் நல்லது. படுத்துக்கிடந்தால் சத்துமாவு தருகிறார்கள், தாயிடம் பேசுகிறார்கள், வேண்டுமானால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். எடை குறைந்த குழந்தையை "ஃபெயில்" என்று யாரும் சொல்வதில்லை. எடை ஏறட்டும் என்று தினம் மூன்று முறை தராசில் தூக்கி வைப்பதும் இல்லை.

சின்ன வகுப்பில் நடக்கும் வாசிப்புச் சோதனை அந்தத் தராசின் வேலையைத்தான் செய்கிறது. குழந்தை இன்று எந்தப் படியில் நிற்கிறது, நாளை அதற்கு எதைக் கொடுப்பது என்று ஆசிரியருக்குக் காட்டுவதே அதன் பயன். இப்படிக் கற்பித்தலின் நடுவே, கற்பித்தலைத் திருத்திக்கொள்வதற்காகச் செய்யும் கணிப்புக்கு வளரறி மதிப்பீடு என்று பெயர். பருவம் முடிந்த பிறகு, எவ்வளவு கற்றிருக்கிறது என்று கூட்டிப் பார்ப்பது தொகுத்தறி மதிப்பீடு. தமிழகப் பள்ளிகளில் 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தபோது வளரறிக்கு 40 மதிப்பெண், தொகுத்தறிக்கு 60 என்று பிரித்தார்கள். இரண்டையும் கூட்டி ஒரே மதிப்பெண் அட்டையில் போட்டதும் பெற்றோர் கண்ணுக்கு இரண்டும் பரீட்சையாகவே தெரிய ஆரம்பித்தன. குழப்பத்தில் பாதி அங்கே தொடங்கியது என்பது என் எண்ணம். எடை போட்ட தாளையே பரிசளிப்பு விழாப் பட்டியலாக மாற்றினால் அப்படித்தான் ஆகும்.

குழந்தை வாசிக்கும்போது உள்ளே நடப்பது

பேச்சு தானாக வருகிறது. பேசுகிறவர்கள் நடுவில் வளரும் குழந்தை யாரும் பாடம் நடத்தாமலே பேசிவிடும். வாசிப்பு அப்படி வராது. எழுத்து மனிதர்கள் உண்டாக்கிய ஏற்பாடு, அதை ஒவ்வொரு குழந்தைக்கும் புதிதாகச் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும்.

வாசிப்பில் இரண்டு திறன்கள் சேர்ந்து இயங்குகின்றன. எழுத்தைப் பார்த்து அதன் ஒலியைச் சொல்லி, ஒலிகளைக் கூட்டிச் சொல்லாக்குவது முதலாவது. இதை எழுத்துக்கூட்டல் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சொல்லும் வாக்கியமும் என்ன சொல்கின்றன என்று புரிந்துகொள்வது இரண்டாவது. 1986-ல் காஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த உறவை ஒரு பெருக்கல் கணக்காக எழுதினார்கள்: எழுத்துக்கூட்டல் × மொழிப்புரிதல் = வாசிப்பு. கூட்டலாக எழுதாமல் பெருக்கலாக எழுதியதில்தான் விஷயம் இருக்கிறது. பெருக்கலில் ஒரு பக்கம் பூஜ்யமானால் மறுபக்கம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை பூஜ்யம்.

இந்தக் கணக்கை நம் தெருவிலேயே பார்க்கலாம். பாட்டியிடம் நூறு கதை கேட்டு வளர்ந்த குழந்தைக்கு மொழிப்புரிதல் ஏராளம், ஆனால் எழுத்துகள் பிடிபடவில்லை என்றால் புத்தகம் திறக்காது. மறுபுறம், ஆங்கில வழிப் பள்ளியில் எல்.கே.ஜி. முதல் பயிற்சி பெற்ற குழந்தை ஆங்கிலப் பாடத்தை மடமடவென்று ஒப்பிக்கும். "இதுல அந்தப் பையன் எங்க போனான்?" என்று தமிழில் கேட்டால் விழிக்கும். எழுத்துக்கூட்டல் இருக்கிறது, அந்த மொழியின் புரிதல் இல்லை. பெற்றோர் இந்த இரண்டாவது குழந்தையைப் பார்த்துப் பெருமைப்படுகிறார்கள், முதல் குழந்தையைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள். உண்மையில் இருவருக்கும் பாதி வேலை பாக்கி இருக்கிறது.

எழுத்துக்கூட்டலும் புரிதலும் கைகோக்க இடையில் இன்னொன்று தேவை: சரளம். சொற்களைத் தடங்கலின்றி, பிழையின்றி, பேசுகிற ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பது. நம் மனம் ஒரே நேரத்தில் சில விஷயங்களைத்தான் கையில் வைத்துக்கொள்ளும். 'ப... ற... வை' என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடும் குழந்தை வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் முதல் சொல்லை மறந்திருக்கும். "என்ன படிச்ச?" என்று கேட்டால் திருதிருவென்று பார்ப்பது அதனால்தான். அறிவுக்குறைவோ கவனக்குறைவோ அதற்குக் காரணம் இல்லை. அதன் கவனம் முழுவதும் எழுத்திலேயே செலவாகிவிட்டது.

தமிழ் எழுத்து வைக்கும் தனிக் கணக்கு

வாசிப்பைப் பற்றி நாம் கேள்விப்படும் பல உபதேசங்கள் ஆங்கிலத்துக்காக உண்டானவை. தமிழுக்கு வேறு கணக்கு உண்டு, அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மொத்தம் 247. பெரியவர்களுக்கு இது அழகான ஒழுங்குள்ள கட்டம். குழந்தைக்கு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சிறு வேலை இருக்கிறது. 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் உயிர்க்குறி கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ மெய்க்குப் பின்னால் வருகிறது. 'கொ'வில் குறி இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறது. 'கு', 'து', 'பு' மூன்றிலும் ஒலிப்பது ஒரே உகரம்தான், குறியின் வடிவம் மூன்று விதம். போதாக்குறைக்கு ல, ள, ழ, ர, ற, ந, ன, ண.

ஒலியிலும் ஒரு நுட்பம் உண்டு. 'கடல்', 'பகல்', 'தங்கம்', 'பக்கம்' என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள். 'க' என்ற ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறாக ஒலிக்கிறது. பேசத் தெரிந்த குழந்தைக்கு இது பெரிய தடை இல்லை, ஏனென்றால் அந்தச் சொற்கள் அதன் காதில் ஏற்கெனவே இருக்கின்றன. காதில் இல்லாத சொல் வரும்போதுதான் தடுமாறும்.

ஆகவே இந்திய எழுத்துமுறைகளில் எழுத்துப் பயிற்சி ஒரே ஆண்டில் முடிவதில்லை. கன்னடக் குழந்தைகளை வைத்து சோனாலி நாக் செய்து 2007-ல் வெளியிட்ட ஆய்வு, எழுத்துகள் முழுவதும் கைவரத் தொடக்கப்பள்ளியில் பல ஆண்டுகள் ஆவதைக் காட்டியது. கன்னடமும் தமிழைப் போலவே உயிர்மெய் முறையில் எழுதப்படும் மொழி. ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் 247-ம் மனப்பாடமாக வேண்டும் என்ற அவசரத்துக்கு இங்கே ஆதாரம் இல்லை.

இன்னொரு தடை, பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரம். குழந்தை வீட்டில் கேட்பது "அம்மா கடைக்குப் போயிட்டிருந்தாங்க." புத்தகத்தில் இருப்பது "அம்மா கடைக்குச் சென்றுகொண்டிருந்தார்." எழுத்தைச் சரியாகக் கூட்டிவிட்டாலும், கூட்டிவந்த சொல் அது வீட்டில் கேட்ட சொல்லாக இல்லை. கதைப்புத்தகத்தை எழுதியிருக்கிறபடியே யாராவது வாய்விட்டு வாசித்துக் காட்டிக் கேட்ட குழந்தைக்கு இந்தத் தூரம் சீக்கிரம் குறையும். தமிழ்க் குழந்தைக்கு வாசித்துக் காட்டுவதன் முக்கியமான பயன் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: வாசிப்புக்கு எழுத்துக்கூட்டல், புரிதல் இரண்டும் வேண்டும், சரளம் அவற்றை இணைக்கிறது, தமிழில் எழுத்து கைவர ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் ஆவது இயல்பு.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

இந்தியாவில் அதிகம் பேசப்படும் வாசிப்புச் சோதனை 'ஏசர்' அறிக்கைக்காக நடப்பது. பிரதம் என்ற கல்வி அமைப்பு 2005 முதல் நடத்திவருகிறது. தன்னார்வலர்கள் கிராமப்புற வீடுகளுக்கே போய், குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தாளை நீட்டுகிறார்கள். தாளில் நான்கு பகுதிகள்: தனி எழுத்துகள், எளிய சொற்கள், ஒன்றாம் வகுப்பு நிலையில் நாலே வாக்கியம் கொண்ட ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையில் சற்றே நீண்ட ஒரு கதை.

பத்தியிலிருந்து தொடங்குவார்கள். அதைச் சரளமாக வாசித்தால் கதைக்கு ஏற்றுவார்கள். தடுமாறினால் சொற்களுக்கு இறக்குவார்கள். ஐந்தில் நான்கு சொல் வந்தால் 'சொல் நிலை'. அதுவும் வராவிட்டால் எழுத்துகள். எந்தப் படியில் குழந்தை உறுதியாக நிற்கிறதோ அதுவே அதன் நிலை. மதிப்பெண் கிடையாது. ஒரு குழந்தைக்குச் சில நிமிடங்கள் போதும். இந்த எளிமை காரணமாகவே பிற நாடுகளும் இதைத் தழுவிக்கொண்டன.

இன்னொரு வகை, ஒரு நிமிடச் சோதனை. குழந்தைக்குப் புதிதான ஒரு பத்தியைக் கொடுத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் பிழையின்றி வாசிக்கிறது என்று எண்ணி, பிறகு அதிலிருந்து சில கேள்விகள் கேட்பது. 2021 ஜூலையில் ஒன்றிய அரசு தொடங்கிய 'நிபுண் பாரத்' திட்டத்தின் இலக்குகள் இந்த அளவில்தான் எழுதப்பட்டன: இரண்டாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல், மூன்றாம் வகுப்பு முடிவில் குறைந்தது 60, இரண்டும் பொருள் புரிந்து.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு' என்பது தமிழில் இரண்டு சொல். இதே கருத்துக்கு ஆங்கிலத்தில் ஏழு சொல் வேண்டும். தமிழில் வேற்றுமை, காலம், எண், இடம் எல்லாம் ஒரே சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்வதால் சொற்கள் நீளமாகின்றன. நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று ஆங்கிலக் குழந்தையோடு தமிழ்க் குழந்தையை ஒப்பிடுவது அதனால் அநியாயம். இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டு 'வேக அட்டவணை'யை எடுத்துவைத்துக்கொண்டு தமிழ்ப் பாடத்துக்கு நேரம் பார்க்கும் பெற்றோர் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பொருளற்ற சொற்களை வாசிக்கச் சொல்லும் சோதனையும் உண்டு. இங்கிலாந்தில் 2012 முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு 40 சொற்களை வாசிக்கக் கொடுக்கிறார்கள். அவற்றில் 20 எந்த அகராதியிலும் இல்லாதவை. கேட்டால் விசித்திரமாகத் தோன்றும், ஆனால் காரணம் நியாயமானது. 'அம்மா', 'மரம்' போன்ற சொற்களைக் குழந்தை படம்போல் மனதில் பதித்துக்கொண்டு சொல்லிவிடும். 'தெபூ', 'மிலகை' என்று கொடுத்தால் உண்மையில் எழுத்தைக் கூட்டினால்தான் சொல்ல முடியும்.

பெற்றோர் ஏமாந்துபோகும் இடமும் இதுதான். தமிழ்ப் புத்தகத்தின் முதல் பாடத்தைக் குழந்தை வரிக்கு வரி சொல்லும். விரல் ஒரு சொல்லின் மேல் இருக்கும், வாய் வேறு சொல்லில் இருக்கும். வகுப்பில் கூட்டமாகச் சொல்லிச் சொல்லிக் காதில் ஏறிய பாடம் அது. பாடத்தின் நடுவில் ஒரு சொல்லைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். சொன்னால் வாசிப்பு. முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினால் மனப்பாடம். நல்ல சோதனைகள் பார்க்காத பத்தியைக் கொடுப்பது இதற்காகவே.

அந்தப் பயமுறுத்தும் எண்கள்

இப்போது பள்ளி வாசல் பேச்சுக்கு வருவோம். 2022 ஏசர் அறிக்கைப்படி, ஊரகத் தமிழகத்தில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புக் கதையை வாசித்தவர்கள் 4.8 விழுக்காடு. 2018-ல் அது 10.2. இந்திய அளவில் 2018-ல் 27.3 ஆக இருந்தது 2022-ல் 20.5 ஆக இறங்கி, 2024-ல் 27.1-க்கு மீண்டது.

4.8 என்ற எண் "நூற்றுக்கு 95 பேருக்கு எழுத்தே தெரியாது" என்று பரவியது. எண் சொல்வது அதுவல்ல. நாலு வாக்கியப் பத்தியைச் சரளமாக வாசித்து, கதையில் தடுமாறிய குழந்தையும் அந்த 95-க்குள் இருக்கிறது. சொற்களை வாசிக்கும் குழந்தையும் இருக்கிறது. உச்சிப்படியில் நிற்பவர்களை மட்டும் எண்ணிய எண் அது.

அந்த ஆண்டு மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். கொரோனாவால் அவர்கள் ஒன்றாம் வகுப்புக்குப் பள்ளிக்கே போகவில்லை. தமிழகத்தில் தொடக்கப்பள்ளிகள் திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதி. இரண்டாம் வகுப்பும் பாதிதான் கிடைத்தது. எழுத்தைக் கற்றுக்கொடுக்கும் ஆண்டு முழுவதும் பறிபோன குழந்தைகளிடம் இரண்டாம் வகுப்புக் கதையை நீட்டினால் வேறென்ன விடை வரும்?

இதைச் சொல்வதால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. 2018-ன் 10.2 கூட நல்ல எண் இல்லை. மூன்றாம் வகுப்பு முடிந்ததும் பாடங்கள் மாறிவிடுகின்றன. அறிவியலும் சமூக அறிவியலும் வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவையாக வருகின்றன. அதுவரை வாசிப்பு கைவராத குழந்தை எல்லாப் பாடத்திலும் ஒரே நேரத்தில் பின்தங்கும். கவலை சரி. "சோம்பேறிக் குழந்தைகள்", "அரசுப் பள்ளியே இப்படித்தான்" என்ற முடிவுகள்தான் தவறு. அந்தக் கணக்கில் தனியார் பள்ளிக் குழந்தைகளும் சேர்த்தி.

அரும்பு, மொட்டு, மலர்

பள்ளிகள் திறந்த பிறகு தமிழக அரசு 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கியது. அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் விரிந்தது. குழந்தைகளை வகுப்பைப் பார்க்காமல் அவர்கள் நிற்கும் படியைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்து, அந்தந்த நிலைக்குரிய பயிற்சியைக் கொடுப்பது அதன் அடிப்படை. மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் எழுத்து நிலையில் நிற்கும் குழந்தைக்கு எழுத்துப் பயிற்சி.

இந்த எண்ணம் சரியானது என்று உறுதியாக நம்புகிறேன். சோதனையின் விடை நாளைய பாடத்தை மாற்ற வேண்டும், இங்கே மாற்றுகிறது. ஆனால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். மதிப்பீட்டு விவரங்களைச் செயலியில் பதிவேற்றுவதிலேயே பாட நேரம் கரைகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. அது நியாயமான புகார். இன்னொன்று நம் கையில் இருப்பது. "உன் பொண்ணு இன்னும் அரும்பா? எங்க பையன் மலருக்குப் போயிட்டான்" என்று தெருவில் பேச ஆரம்பித்தால், ஆசிரியர் மாதக்கணக்கில் யோசித்துச் செய்த ஏற்பாடு ஒரே மாலையில் பட்டப்பெயராகிவிடும். எந்த நிலை என்று கேட்பதைவிட, போன பருவத்திலிருந்து நகர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

வீட்டுப்பாடம்: சட்டம் சொல்வது, ஆய்வு சொல்வது

ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன் 2018 மே மாதம் உத்தரவிட்டார். அதைத் தொடர்ந்து அந்த நவம்பரில் ஒன்றிய மனிதவள அமைச்சகம் மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. 2020-ல் வந்த பள்ளிப் பைக் கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்கிறது. மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம். கவனியுங்கள், வாரத்துக்கு. பல வீடுகளில் அது ஒரே மாலையின் கணக்கு.

ஆய்வுகளும் ஒத்துப்போகின்றன. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் குழு, அதற்கு முன் வந்த வீட்டுப்பாட ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் வெளியிட்டது. ஏழாம் வகுப்பு முதல் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் தெளிவான தொடர்பு இருந்தது. சிறு வகுப்புகளில் அது மிகவும் பலவீனம்.

இரட்டைக்கோடு நோட்டில் 'கா' வரிசையை ஐந்து முறை எழுதும் குழந்தையைப் பாருங்கள். இரண்டாவது முறையிலேயே ஒரு தந்திரம் கண்டுபிடித்திருக்கும்: மேலிருந்து கீழாக முதலில் எல்லா வரியிலும் 'க', பிறகு எல்லா வரியிலும் துணைக்கால். கை ஓடுகிறது, வாய் திறக்கவில்லை. எழுத்தின் ஒலி அந்த வேலைக்குள் வரவே இல்லை. கையெழுத்து கொஞ்சம் திருந்தலாம், வாசிப்புக்கு அதில் ஒன்றும் போய்ச்சேராது. ஒலியைக் காதால் கேட்டு, பிரித்து, எழுத்தாக்கும் வேலை இருந்தால் கதை வேறு. அம்மா "பம்பரம்" என்று சொல்ல, குழந்தை தானாக யோசித்து எழுதினால் அது வாசிப்புக்கும் உரம். சொல்வதை எழுதுதல் என்று பள்ளியில் சொல்லும் பழைய பயிற்சிதான், ஐந்தே சொல் போதும்.

வீட்டுப்பாடத்துக்கு இன்னொரு முகம் உண்டு. அது வீட்டில் எழுதப்படிக்கத் தெரிந்த ஒருவர், ஓய்வோடு, வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறது. இரவு எட்டு மணிக்கு வேலைவிட்டு வரும் தாய்க்கும், முதல் தலைமுறையாகப் படிக்கும் குழந்தைக்கும் அது பொருந்தாது. அந்தக் குழந்தை வெறும் நோட்டோடு பள்ளிக்குப் போய் முட்டிபோடும்போது, தண்டனை யாருடைய சூழ்நிலைக்குக் கிடைக்கிறது என்பதை யோசிக்க வேண்டும்.

சுருக்கம்: இந்த வயதில் பார்த்தெழுதும் வீட்டுப்பாடம் வாசிப்பை வளர்க்காது. வளர்ப்பது வாய்விட்டு வாசிப்பதும், கேட்டு எழுதுவதும், பேசுவதும்.

அப்படியானால் வீட்டில் என்ன செய்வது?

பத்து நிமிடம். அவ்வளவுதான். தினமும் கிடைத்தால் சிறப்பு, வாரத்தில் நாலு நாள் என்றாலும் பலன் உண்டு.

முதலில் சரியான புத்தகம். இருபது சொல்லுக்கு ஒன்றிரண்டுக்கு மேல் குழந்தை தடுமாறினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கனம். வகுப்புப் பாடநூலே கனமாக இருக்கலாம், அதில் வெட்கம் இல்லை. அரசுப் பள்ளிகளுக்கு வந்த 'வாசிப்பு இயக்க'ப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் இருக்கின்றன. பெரிய வகுப்புக்காக வந்தவை என்றாலும் 'நுழை' நிலைப் புத்தகங்கள் சின்னக் குழந்தைக்கும் பொருந்தும், பள்ளியில் கேட்டுப் பாருங்கள். புத்தகமே இல்லாவிட்டால் பேருந்தின் ஊர்ப்பலகை, ரேஷன் கடைப் பலகை, பிஸ்கட் உறை எல்லாம் வாசிப்புதான்.

அடுத்து, திருத்தும் முறை. குழந்தை தடுமாறியதும் நாம் சொல்லைச் சொல்லிவிடுகிறோம். ஐந்து நொடி பொறுங்கள். அதற்குள் பாதி நேரம் அதுவாகவே கண்டுபிடிக்கும். வராவிட்டால் சொல்லின் ஒரு பகுதியை விரலால் மறைத்து, "இதுவரைக்கும் சொல்லு, அப்புறம் மிச்சத்தைச் சேர்த்துக்கலாம்" என்று கேளுங்கள். 'வந்துகொண்டிருந்தான்' என்பதை 'வந்து', 'கொண்டு', 'இருந்தான்' என்று பிரித்துச் சொல்லிக்காட்டினால் நீளச் சொல்லின் பயம் போய்விடும். பிழையாக வாசித்தாலும் வாக்கியம் முடியும்வரை விடுங்கள். பொருள் இடறுவதைப் பார்த்து அதுவே திரும்பி வருவது நல்ல வாசகரின் அடையாளம்.

அப்புறம் பேச்சு. "நீ அந்தக் குருவியா இருந்தா என்ன பண்ணியிருப்ப?" என்ற ஒரு கேள்வி, பாடத்தின் பின்னால் இருக்கும் பத்து கேள்விகளைவிட அதிகம் செய்யும்.

எழுதப்படிக்கத் தெரியாத பெற்றோர் ஒதுங்கிக்கொள்ள வேண்டாம். பெருக்கல் கணக்கின் இரண்டாவது பாதி, மொழிப்புரிதல், முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. வயலில் நடந்தது, சந்தையில் நடந்தது, சாமி கதை, பேய்க்கதை எல்லாம் சொல்லுங்கள். குழந்தையை வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்க ஒரு ஆள் இருப்பது அந்த வயதில் பெரிய ஊக்கம்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடக் கூடாது. ஒழுங்காகப் பள்ளிக்குப் போயும், இரண்டாம் வகுப்பு முடியும் தறுவாயில் பழகிய எழுத்துகளைக்கூடக் கூட்ட முடியவில்லை என்றால், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அவை சரியாக இருந்தால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று தகுந்த நிபுணரிடம் காட்டுங்கள். பள்ளியின் வாசிப்புச் சோதனை அதைக் கண்டுபிடிக்காது, சந்தேகத்தை மட்டும் எழுப்பும். அடியும் கூடுதல் டியூஷனும் அதற்கு மருந்தல்ல.

பெற்றோர் கூட்டத்தில் கேட்க வேண்டியவை

"எத்தனை மார்க்?", "எத்தனாவது ரேங்க்?" என்று கேட்டுவிட்டு வந்தால் வீட்டில் செய்ய ஒன்றும் கிடைக்காது. "சொல் நிலையா, வாக்கிய நிலையா?" என்று கேளுங்கள். "எந்த எழுத்துகளில் தடுமாறுகிறாள்?", "வாசித்ததைச் சொந்தச் சொற்களில் சொல்கிறாளா?" என்று கேளுங்கள். ஆசிரியரிடம் பெரும்பாலும் விடை இருக்கும், யாரும் கேட்காததால் சொல்லியிருக்க மாட்டார்.

பள்ளி இரண்டாம் வகுப்புக்கும் பக்கம் பக்கமாகப் பார்த்தெழுதக் கொடுக்கிறது என்றால் சண்டை வேண்டாம். டைரியில் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்: "டீச்சர், இன்று எழுத்து வேலைக்குப் பதில் பத்து நிமிடம் கதை வாசித்தாள். 'ற'வும் 'ர'வும் மாறி வருகின்றன, கொஞ்சம் பாருங்கள்." அந்த வகுப்பில் நாற்பது குழந்தைகளை ஒரே ஆளாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு நிரம்பிய நோட்டைவிட இந்தக் குறிப்பு உதவும்.